பதற்றத்தால் திக்குகிறானா, திக்குவதால் பதறுகிறானா?

கேள்வி:
என் மகனுக்கு ஐந்து வயது நிறையப் போகிறது. சரளமாகப் பேசிக்கொண்டிருந்தவன் எட்டு மாதங்களாகத் திக்குகிறான். தொடக்கத்தில் "நா நா நான்" என்று முதல் எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னான். இப்போதோ உதடுகள் இறுகி, கண்கள் மூடி, ஒலியே வெளிவராமல் சில நொடிகள் நின்றுவிடுகிறான். கூச்ச சுபாவமுள்ள பிள்ளை என்பதால், பயம்தான் காரணம் என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். தம்பி பிறந்த பிறகு நான் அவனை அதிகம் கடிந்துகொண்டதால் இப்படி ஆயிற்றோ என்ற எண்ணம் என்னை உறங்கவிடுவதில்லை.

பதில் (பேச்சுப் பயிற்சியாளர்):
முதலில் அந்தக் குற்ற உணர்வை இறக்கி வையுங்கள், அம்மா. பேச்சை இயக்கும் மூளைப் பகுதிகள் செயல்படும் விதமும் மரபுவழிக் கூறுகளுமே திக்கலுக்கு அடிப்படை. கடிந்துகொண்டதால் அது வருவதில்லை. மெல்போர்னில் 1,600-க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே கவனித்துவந்த ஆய்வில், நான்கு வயதுக்குள் சுமார் 11 விழுக்காட்டினர் திக்கத் தொடங்கினர். அவர்கள் மற்றக் குழந்தைகளைவிடக் கூச்சம் மிகுந்தவர்களாக இருக்கவில்லை. பதற்றம் பெரும்பாலும் பிறகுதான் வந்து சேர்கிறது, அதுவும் கேலியையும் பிறர் முகச்சுளிப்பையும் கண்டு. வந்தபின் அது திக்கலைக் கூட்டும் என்பது உண்மைதான். ஆனால் களைப்பும் மகிழ்ச்சிப் பரபரப்பும்கூட அதே வேலையைச் செய்யும். சிறு வயதில் திக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் தாமாகவே சரியாகிவிடுகிறார்கள். எனினும் உதடு இறுகுவதும் கண் மூடுவதும் அவன் சொல்லோடு போராடத் தொடங்கிவிட்டதைக் காட்டுவதால், இனியும் காத்திராமல் ஒரு பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள்.

பதில் (நாற்பத்திரண்டு வயதிலும் திக்குபவன்):
"மெதுவாகச் சொல்", "மூச்சை இழுத்துவிட்டுப் பேசு" என்று எனக்கும் அன்போடுதான் சொன்னார்கள். நான் வாய் திறப்பதே தவறு என்றுதான் அதிலிருந்து புரிந்துகொண்டேன். எட்டு வயதிலேயே சொற்களை மாற்றப் பழகினேன். "புத்தகம்" வராது என்று தெரிந்தால் "நூல்" என்பேன். என் பெயரை மட்டும் மாற்ற வழியில்லை. வகுப்பில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லும்போது, எனக்கு முன்னால் இன்னும் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டிருப்பேன். அவர்கள் சொன்ன பெயர் ஒன்றுகூடக் காதில் விழாது. வளர்ந்தபின் பதற்றத்துக்கெனத் தனியே மனநல சிகிச்சை எடுத்தேன். திக்கல் போகவில்லை, ஆனால் இப்போது தொலைபேசி ஒலித்தால் எடுக்கிறேன். அவன் முடிக்கும்வரை காத்திருங்கள். எப்படிச் சொன்னான் என்பதற்கல்ல, என்ன சொன்னான் என்பதற்குப் பதில் சொல்லுங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நேற்று மாலை எறும்புக்குக் காது உண்டா என்று கேட்க வந்தவன், "எ" என்ற இடத்திலேயே நின்றுவிட்டான். சொல்லை எடுத்துக் கொடுக்காமல் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முழுக் கேள்வியையும் அவனே கேட்டு முடித்தான். அடுத்த வாரம் பயிற்சியாளரிடம் செல்கிறோம். ஆசிரியரிடமும் இதைச் சொல்லிவைக்கலாமா?

பதில் (பேச்சுப் பயிற்சியாளர்):
கட்டாயம் சொல்லுங்கள், அவன் அருகில் இருக்கும்போதே சொல்லுங்கள். குரலைத் தாழ்த்திப் பேசினால், மறைக்க வேண்டிய ஏதோ ஒன்று தன்னிடம் இருப்பதாக அவன் எண்ணிக்கொள்வான்.