அப்பா சொன்ன பியோம்கேஷ்

குழு: பொன்மலை வீடு

செந்தில், இரவு 9:12
கலாக்கா, பியோம்கேஷ் பக்ஷி ஞாபகம் இருக்கா? 1993ல டிடியில, அதான் தூர்தர்ஷன்ல, போட்டாங்களே அந்த இந்தி சீரியல், பாயை விரிச்சு உக்காந்து பார்ப்போமே. சப்டைட்டிலோட கிடைச்சுது. மூணு நாளா ராத்திரி வேற வேலையே ஓடல.

கலா, 9:14
மறக்குமா! பியோம்கேஷா வேட்டி ஜிப்பாவுல ரஜித் கபூர். கூடவே கே.கே. ரெய்னா, பியோம்கேஷோட கூட்டாளி அஜித்தா வருவாரு.

நிலா, 9:15
யாரு மாமா இது? ஷெர்லாக் மாதிரியா?

செந்தில், 9:19
கல்கத்தாக்காரர்டா கண்ணு. சரதிந்து பந்தோபாத்யாய் 1932ல எழுத ஆரம்பிச்ச கதைங்க. பாசு சாட்டர்ஜி சீரியலா எடுத்தார். டிடெக்டிவ்னு சொன்னா பியோம்கேஷுக்குப் பிடிக்காது. வாசல் பலகையிலயே 'சத்யான்வேஷி'ன்னுதான் போட்டிருப்பார். உண்மையைத் தேடுறவன்.

செந்தில், 9:20
அன்னிக்கு எனக்கு ஒம்பது வயசு, யார் கொலைகாரன்னு மட்டும்தான் பார்த்தேன். இப்பதான் தெரியுது, அதுல துரத்தலும் இல்ல, சண்டையும் இல்ல. ரெண்டு பேரு ரூம்ல உக்காந்து பேப்பர் படிக்கிறாங்க. செய்தியை விட்டுட்டு விளம்பரத்தைப் படிப்பார் பியோம்கேஷ். 'உங்க பாதையில இருக்கிற முள்ளை எடுக்கணுமா? சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சரை மணிக்கு இந்த விளக்குக் கம்பத்துல கை வச்சு நில்லுங்க'ங்கிற மாதிரி ஒரு விளம்பரம். அதுலேர்ந்தே நூலைப் பிடிச்சிடுவார்.

கலா, 9:22
அதுதானே அந்த கிராமபோன் ஊசி கதை?

செந்தில், 9:24
அதேதான். ரோட்டைக் கடக்கிற ஆள் திடீர்னு சரிஞ்சு விழுவார். நெஞ்சுல பார்த்தா கிராமபோன் ஊசி. துப்பாக்கி எங்கேன்னு ஊரே தேடும். அது சைக்கிள் பெல்லுக்குள்ள இருக்கும் நிலா! பெல் அடிச்சா ஊசி பாயும், அந்தச் சத்தத்துல வேற சத்தமே கேக்காது.

நிலா, 9:25
அய்யோ 😳

கலா, 9:27
உங்க மாமாவைக் கேளு. பால்காரர் பெல் அடிச்சா நெஞ்சுல கையை வச்சுக்கிட்டு சுவரோரமா நிப்பான். எவர்சில்வர் தட்டைச் சட்டைக்குள்ள சொருகிக்கிட்டு ஸ்கூலுக்குக் கிளம்பினான், அம்மா வாசல்ல பிடிச்சுப் பிடுங்கினாங்க.

செந்தில், 9:28
பியோம்கேஷும் பீங்கான் தட்டை நெஞ்சுல கட்டிக்கிட்டுதான் போவார்க்கா!

செந்தில், 9:33
ஆனா ஒண்ணு. அப்பாதானே பக்கத்துல உக்காந்து வரிக்கு வரி தமிழ்ல சொல்லுவார். 'ஆளைப் பிடிச்சு ஜெயில்ல போட்டாச்சு, பெல்லைக் கழட்டி போலீஸ் ஸ்டேஷன்ல வச்சுப் பூட்டிட்டாங்க, இனிமே அது அடிக்காது'ன்னார். நேத்து அந்தக் கதையோட மொழிபெயர்ப்பைப் படிச்சேன். முடிவு அப்படியே வேற. மாட்டிக்கிட்டதும் அவன் தன் வெத்தலை டப்பாவைத் திறந்து ஒண்ணை எடுத்து வாயில போட்டுக்கிறான். அதுல விஷம். அங்கேயே செத்துடுறான்.

முரளி மாமா, 9:36
அத்தானுக்கு இந்தி அரைகுறைதானேப்பா. புரிஞ்ச வரைக்கும் சொல்லியிருப்பாரு.

அம்மா, 9:44
அரைகுறையா? பெங்கால்ல கரக்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்ல மூணு வருஷம் இருந்தவருடா முரளி. இந்தியும் பேசுவாரு பெங்காலியும் பேசுவாரு

அம்மா, 9:51
அவருக்கு எல்லாம் புரிஞ்சுது. செந்தில் ஏற்கெனவே பெல்லுக்குப் பயந்து ராத்திரி தூங்காம கிடந்தான். தினம் சாப்பிட்டானதும் அவர் வெத்தலை போட உக்காந்தா இவன்தான் மடியில உக்காந்து காம்பு கிள்ளிக் குடுப்பான். சீரியல் முடிஞ்சதும் அவர் சமையக்கட்டுக்கு வந்தாரு. நான் பால் காய்ச்சிட்டு இருந்தேன். வெத்தலையில விஷம்னு சொன்னா புள்ள நாளைக்கு என் வாயைப் பார்த்துப் பயப்படுவான், அதான் மாத்திச் சொல்லிட்டேன்னாரு

கலா, 9:53
அம்மா… இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே

அம்மா, 9:54
யாரும் கேக்கல

செந்தில், 10:02
நான் அந்த பெல் ஸ்டேஷன்ல பூட்டிக் கிடக்குன்னே நினைச்சுட்டு இருந்தேன்மா. அந்த நினைப்புலதான் தூக்கமே வந்துது.

கலா, 10:05
அப்ப அந்தக் கிழவர் கதை? பேனாவை வாயில வச்சுச் சப்புவாரே, சிலந்தி விஷம்?

செந்தில், 10:07
அதை உள்ளபடியே சொன்னார்க்கா. மையிலதான் விஷம் கலந்திருக்கும். போதைக்கு அதைக் குடிக்கக் கூடாதுன்னு வீட்டுல எல்லாரும் காவல் காப்பாங்க, அவர் எழுதுற சாக்குல உறிஞ்சிட்டு இருப்பார். சொல்லி முடிச்சிட்டு, 'இனிமே பேனாவைக் கடிப்பியா?'ன்னு உன்னைத்தான் கேட்டார்.

கலா, 10:08
ஆமா!! அன்னியோட விட்டேன் அந்தப் பழக்கத்தை

முரளி மாமா, 10:11
2020 லாக்டவுன்ல டிடியில திரும்பப் போட்டாங்களேக்கா, நீ பார்க்கலையா? அந்த ஜூன்லதான் பாசு சாட்டர்ஜி தவறினாரு.

அம்மா, 10:17
வச்சேன். பாட்டு வந்ததும் உக்காந்தேன். எனக்கு இந்தி தெரியாதே. நடுநடுவே சொல்றதுக்கு அவர் இல்ல. பத்து நிமிஷத்துல அணைச்சிட்டேன்

செந்தில், 10:21
அம்மா, சனிக்கிழமை வர்றேன். லேப்டாப் எடுத்துட்டு வர்றேன். மொத எபிசோட்லேர்ந்து பார்ப்போம். நான் சொல்றேன்.

நிலா, 10:22
பாட்டி நானும் வர்றேன்!

அம்மா, 10:26
வாங்க. எனக்கு மாத்திச் சொல்ல வேண்டாம் எல்லாத்தையும் உள்ளபடியே சொல்லு. வர்ற வழியில வெத்தலை ஒரு கவுளி வாங்கிக்கோ, இங்க கடையில வாடினதுதான் இருக்கு