அறுவடைக் காலத்தில் ஊமையான ஆலைப் போன்: பிபிஎக்ஸ் மேம்படுத்தல் அனுபவங்கள்

பரந்தன்

பரந்தனுக்குக் கிட்ட ஓர் அரிசி ஆலையில் கணக்கு வேலையோடு கணினிகளையும் நான்தான் பார்க்கிறேன். விலை கேட்கும் கமக்காரர், லொறிச் சாரதிமார், வவுனியா மொத்தக் கடைகள் என எல்லாரும் எடுப்பது ஒரே எண்ணுக்கு. எங்கள் அரிசிப் பைகளில் அச்சாகியிருக்கும் எண் அது. வரும் அழைப்பைப் பதினான்கு மேசைகளுக்குப் பிரித்து அனுப்புவது அலுமாரிக்குள் இருக்கும் ஒரு பழைய கணினி. இப்படி அழைப்புகளைப் பிரிக்கும் அமைப்பைத்தான் பிபிஎக்ஸ் என்பார்கள். அதில் ஃப்ரீபிபிஎக்ஸ் 16 என்ற மென்பொருள் ஓடியது. அதைப் பொருத்தித் தந்த தம்பி 2022இல் வெளிநாடு போய்விட்டார்.

அதற்கு அடித்தளமான சென்ட்ஓஎஸ் 7 என்ற இயங்குதளத்தின் ஆதரவு 2024 ஜூன் 30ஆம் திகதியோடு முடிந்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிடும் என்று பயந்து 17ஆம் பதிப்புக்கு மாறத் தீர்மானித்தேன். தீர்மானம் சரி, நாள்தான் பிழை. 2025 பெப்ரவரி, காலபோக அறுவடையின் நடுவில், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை தொடங்கினேன்.

16இலிருந்து 17க்கு இருந்த இடத்திலேயே ஏற முடியாது. 17 ஓடுவது டெபியன் 12 என்ற வேறு இயங்குதளத்தில். புதிதாக நிறுவி, பழையதன் பேக்கப்பை அதற்குள் கொண்டுவர வேண்டும். என்னிடம் இருந்ததோ ஒரே கணினி. பேக்கப்பைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு அதே டிஸ்க்கை அழித்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு கலங்குகிறது. திரும்பிப் போக ஒரு வழியும் வைக்கவில்லை.

இரவு பத்து மணிக்கு எக்ஸ்டென்ஷன்கள், அதாவது மேசைகளின் உள் எண்கள், எல்லாம் திரையில் வந்துவிட்டன. மேசைகளில் ஒரு போனும் வேலை செய்யவில்லை. காரணம் பிடிபடும்போது விடிந்துவிட்டது. எங்கள் போன்கள் சான்சிப் என்ற பழைய முறையில், கணினியின் 5160ஆம் போர்ட்டில் (வலையமைப்பு வாசலில்) பேசிக்கொண்டிருந்தவை. புதியதற்குள் அழைப்புகளைக் கையாளும் ஆஸ்டெரிஸ்க் 21இல் அந்த முறையே கிடையாது. பேக்கப்பை ஏற்றியபோது கணக்குகள் பிஜேசிப் என்ற புதிய முறைக்கு மாறி 5060இல் காத்திருந்தன. போன்களோ ஆளில்லாத 5160இன் கதவைத் தட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு மேசையாக நடந்து போய் மாற்றினேன். ஆறு போன்களின் கடவுச்சொல் ஒருவருக்கும் தெரியாததால் அவற்றை முழுதாக அழித்துத் திரும்ப அமைக்க வேண்டி வந்தது.

வெளி லைன் வந்து சேரும் கார்டுக்கு டிரைவர் தனியாக நிறுவ வேண்டும் என்பதும் அன்றுதான் தெரிந்தது. புதன் பிற்பகல் இரண்டு மணி வரை பையில் உள்ள எண்ணுக்கு எடுத்தவர்களுக்கு மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. நெல்லை வெட்டி றோட்டோரம் காயவிட்டு, மழைக் குணத்தையும் பார்த்துக்கொண்டு விலைக்காக நிற்பவருக்கு அரை நாள் சின்ன நேரமில்லை. சிலர் வேறு ஆலைக்கு ஏற்றிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

எல்லாம் சரி என்று நினைத்திருந்தபோது, மூன்று கிழமை கழித்து ஒருவருக்கு இயந்திரத்தில் கை வெட்டுப்பட்டது. மேசைப் போனில் அம்புலன்ஸ் எண்ணான 1990 அடித்தால் போகவில்லை. கைபேசியில் அடித்து அம்புலன்ஸ் வந்தது, கையும் தப்பியது. பத்து இலக்க எண்களுக்கான விதி பேக்கப்பில் வந்திருந்தது. 1990, பொலிஸின் 119 போன்ற குறுகிய எண்களுக்கு அந்தத் தம்பி தனியாக ஒரு கோப்பில் கையால் எழுதி வைத்திருந்த விதி வரவில்லை.

மென்பொருளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சான்சிப் நீக்கப்படும் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். எங்கள் அழைப்புகள் எந்த வழியால் வந்து எங்கே முடிகின்றன என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாமல் இருந்தது. அது முழுக்க ஒருவரின் தலைக்குள் இருந்தது, அவரோடு போய்விட்டது.

வவுனியா

பரந்தன் அண்ணா எழுதியதை வாசித்ததும் எங்கள் இடத்தில் நடந்தது நினைவுக்கு வந்தது. நான் ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தில் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். ஞாயிறு இரவு போன் கணினியை மாற்றினார்கள். திங்கள் காலை 8.30க்குத் திறந்தோம், ஒரு அழைப்பும் வரவில்லை. பத்தரைக்கு ஒரு அம்மா நேரில் வந்து, “பிள்ளை, காலையில இருந்து எடுக்கிறன், பூட்டு எண்டு சொல்லுது” என்றார். செட்டிகுளத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். பார்க்க வந்த டொக்டருக்கு அன்று விடுமுறை. அதைப் போனிலேயே சொல்லியிருப்பேன்.

புதிய கணினியின் நேரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருந்தது. நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால் நிற்கிறது. அதனால் எங்கள் “8.30 முதல் 4.30 வரை” என்ற விதி பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கி இரவு 10 வரை ஓடியிருக்கும். பகலில் பூட்டு என்று குரல் சொல்லும், இரவில் வெறும் கட்டடத்தில் போன் அடிக்கும். திருத்த இரண்டு நிமிடம்தான் எடுத்தது. முந்தைய இரவு சோதித்தவர்கள் உள்ளுக்குள் ஒரு மேசையிலிருந்து இன்னொன்றுக்கு மட்டும் அடித்துப் பார்த்திருக்கிறார்கள். வெளியிலிருந்து, கைபேசியில், வேலை நேரத்துக்குள் ஒருதடவை எடுத்திருந்தால் போதும்.

புதுக்குடியிருப்பு

எங்களுக்கு மேம்படுத்தல் டிஸ்க் நிரம்பித்தான் பாதியில் நின்றது. அழைப்புப் பதிவுகளைக் கவனித்துக்கொள்ளுங்கள். சாதாரண வேவ் ஒலிக் கோப்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி. நாளுக்கு 60 அழைப்பு, ஒவ்வொன்றும் மூன்று நிமிடம் என்றால் 180 எம்பி, 300 வேலை நாளில் 54 ஜிபி. எங்கள் டிஸ்க்கே அறுபதுதான். இடமில்லாமல் நின்றதைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனது. யூபிஎஸ் பற்றரி பழசு, நாலு நிமிடம்கூடத் தாங்கவில்லை. மாற்றிய பிறகு பழைய கணினிப் பெட்டியை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள்.

பரந்தன்

எங்கள் கிளையின் பழைய பெட்டியை நான் ஒரு மாதம் வைத்தேன். ஓகஸ்டில் அங்கே மேம்படுத்தியபோது பாவித்த கணினி ஒன்றை வாங்கிப் புதியதை அதில் நிறுவினேன். பழையது அப்படியே இருந்தது, கேபிளை மட்டும் கழற்றினேன். இரண்டுக்கும் ஒரே ஐபி (வலையமைப்பு முகவரி) என்பதால் இரண்டையும் ஒன்றாகச் செருகக் கூடாது. போயா விடுமுறை நாளில் ஒரே ஒரு போனை மாற்றி ஒரு பகல் முழுக்கப் பாவித்துப் பார்த்தேன். மற்றவை அதற்குப் பிறகுதான். வேலை தொடங்கும் முன்னே, மாலை நாலு மணிக்குள் சரிவராவிட்டால் பழையதைச் செருகிவிடுவோம் என்று முதலாளியிடம் சொல்லி வைத்திருந்தேன். அந்த நேரம் குறித்து வைத்ததால் பதற்றமே வரவில்லை.

அதற்கு இரண்டு கிழமை முன்பிருந்தே வரவேற்பு அக்காவோடு இருந்து ஒரு தாள் எழுதினோம். யார் எடுத்தால் எங்கே அடிக்கும், எடுக்காவிட்டால் எங்கே போகும், எந்தப் போனுக்கு எந்தக் கடவுச்சொல், கார்டின் மாதிரி எண், 1990 எந்த லைனால் போகும். எனக்குத் தெரியாத மூன்று விஷயங்கள் அக்காவுக்குத் தெரிந்திருந்தன. வவுனியாத் தங்கச்சி சொன்ன நேர விஷயத்தையும் இன்று அதில் சேர்த்துவிட்டேன். தாள் அக்காவின் லாச்சிக்குள் பூட்டி இருக்கிறது, நகல் முதலாளியிடம்.