‘ஒண்ணும் ஆகாது’ என்று நர்ஸ் சொல்லக்கூடாதா?

வார்டு_அக்கா:
நேற்று ஒரு நர்சிங் கல்லூரி டியூட்டர் இங்கே எழுதியிருந்தார்: “ஆபரேஷனுக்குப் போகிறவரிடம் ‘ஒண்ணும் ஆகாது’ என்பது பொய் ஆறுதல். பயிற்சி பெற்ற நர்ஸ் அப்படிப் பேசக்கூடாது.” 24 வருஷமாக வார்டில் நிற்கிறேன், தினமும் அதைத்தான் சொல்கிறேன். அப்போ நான் பயிற்சி இல்லாதவளா? விடிந்தால் கர்ப்பப்பை எடுக்கப் போகிற அம்மா நடுராத்திரியில் கையைப் பிடித்துக்கொண்டு “சிஸ்டர், நான் திரும்பி வருவேனா?” என்று கேட்டால், பாடப் புத்தகத்தையா விரிப்பது?

டியூட்டர்_மதுரை:
எழுதியது நான்தான். நீங்கள் ‘ஒண்ணும் ஆகாது’ என்றதும் அந்த அம்மா வாயை மூடிக்கொள்வார். பயம் மயக்க மருந்தைப் பற்றியா, வீட்டில் தனியாக இருக்கும் பெண்ணைப் பற்றியா என்பது கடைசிவரை உங்களுக்குத் தெரியாது. “எதை நினைத்துப் பயமாக இருக்கிறது?” என்று கேட்டு, பக்கத்தில் இரண்டு நிமிஷம் உட்காருங்கள். நவீன நர்சிங்குக்கு அடித்தளம் போட்ட நைட்டிங்கேல் 1859-லேயே வெற்று நம்பிக்கைப் பேச்சு நோயாளியை எவ்வளவு வாட்டுகிறது என்று ஒரு தனி அத்தியாயம் எழுதினார். அமெரிக்க நர்சிங் அறிஞர் பெப்லாவ் 1952-ல் நர்ஸுக்கும் நோயாளிக்கும் உள்ள உறவையே நர்சிங்கின் மையம் என்றார்.

வார்டு_அக்கா:
அந்த அத்தியாயத்தை நானும் படித்திருக்கிறேன். பெரும்பாலும் பார்க்க வருகிற சொந்தக்காரர்களையும் நண்பர்களையும்தான் நைட்டிங்கேல் திட்டுகிறார். நான் பழம் வாங்கிக்கொண்டு வந்து பத்து நிமிஷத்தில் கிளம்புகிற ஆள் இல்லை. அப்புறம், எங்கே உட்காருவது? 40 கட்டில், நைட்டில் இரண்டு பேர். போதனா மருத்துவமனை என்றால் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்கிறது இந்திய நர்சிங் கவுன்சில். அதை முதலில் வாங்கித் தாருங்கள்.

கடலூர்_மகன்:
என் அப்பாவுக்கு பைபாஸ். முந்தின நாள் ஒரு நர்ஸ் “ஒண்ணும் ஆகாது தாத்தா” என்றார். மூன்றாம் நாள் அப்பா போய்விட்டார். ஆபரேஷனில் தவறு என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வார்த்தையை நம்பி நான் அன்று இரவு ஊருக்குத் திரும்பிவிட்டேன். அவருக்கு வயது 61, தலைமை ஆசிரியராக இருந்தவர். ‘சார்’ என்று கூப்பிட்டால் என்ன குறைந்துவிடும்?

வார்டு_அக்கா:
தம்பி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் ‘தாத்தா’ என்பது மரியாதைக் குறைவா? நம் ஊரில் உறவு சொல்லித்தானே கூப்பிடுவோம்?

கடலூர்_மகன்:
அவருக்குப் பேரப்பிள்ளையே கிடையாது.

ரியாத்_பிரதர்:
கூப்பிடுவதற்கு முன்னால் “உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?” என்று ஒரு தடவை கேட்டால் தீர்ந்தது. இங்கே நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். இந்த ஊர் நோயாளி ‘திரும்பி வருவேனா’ என்று கேட்டால் “இன்ஷா அல்லாஹ்” என்போம். அது பொய்யும் இல்லை, உறுதிமொழியும் இல்லை.

வார்டு_அக்கா:
அதையே நான் தமிழில் சொன்னால் மட்டும் பொய்யா? வெளிநாட்டு ஐ.சி.யூ.வில் ஒரு நோயாளியை மட்டும் பார்க்கிறவர்கள் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். 2015-ல் எம்.ஆர்.பி. (அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) வழியாக வந்த நர்ஸ் பிள்ளைகள் மாதம் 7,700 ரூபாய்க்கு இதே வார்டுகளில் ஓடினார்கள். அவர்களும் ‘ஒண்ணும் ஆகாது’ என்றுதான் சொன்னார்கள்.

ரியாத்_பிரதர்:
நானும் தமிழ்நாட்டில் 6,000 ரூபாய்க்கு வேலை பார்த்துவிட்டுத்தான் வந்தேன். சம்பளத்தை எதற்கு இழுக்கிறீர்கள்?

டியூட்டர்_மதுரை:
விஷயத்துக்கு வாருங்கள். “கேன்சர்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க” என்று குடும்பம் கெஞ்சுகிறது. நோயாளி உங்களிடம் கேட்கிறார். அங்கேயும் ‘ஒண்ணும் இல்லை’ என்பீர்களா?

வார்டு_அக்கா:
வார்த்தையை மாற்றாதீர்கள். நான் சொன்னது ‘ஒண்ணும் ஆகாது’. ‘ஒண்ணும் இல்லை’ என்று எப்போது சொன்னேன்? கேன்சர் என்றால் “டாக்டரிடம் நானே கூட்டிப் போகிறேன், கேளுங்கள்” என்பேன். பேசத் தெரியாதவர்கள் யார் தெரியுமா? மனநல வார்டுக்குப் போஸ்டிங் வந்த உங்கள் மாணவிகள். நோயாளி அழுகிறார், அந்தப் பெண் குனிந்து ‘நான் சொன்னது, அவர் சொன்னது, பயன்படுத்திய உத்தி’ என்று நோட்டில் கட்டம் கட்டமாக நிரப்புகிறாள். கடைசியில் அவர் கண்ணைத் துடைத்துவிட்டது நான்தான்.

டியூட்டர்_மதுரை:
நோயாளியிடம் தான் என்ன பேசினோம் என்று திரும்பிப் பார்க்கத்தான் அந்த நோட்டு எழுதும் பயிற்சி. நோயாளி முன்னால் உட்கார்ந்து எழுதச் சொல்லி யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. நீங்கள் 24 வருஷத்தில் ஒருமுறையாவது அப்படித் திரும்பிப் பார்த்திருந்தால் இந்த வாக்கியத்துக்காக இவ்வளவு சண்டை போடமாட்டீர்கள்.

வார்டு_அக்கா:
திரும்பிப் பார்க்காமலா என் நோயாளிகள் டிஸ்சார்ஜ் ஆகிப் பத்து வருஷம் கழித்தும் பஸ் ஸ்டாண்டில் நிறுத்திப் பேசுகிறார்கள்?

கடலூர்_மகன்:
திரும்பி வந்தவர்கள்தான் நிறுத்திப் பேசுவார்கள், அக்கா.

வார்டு_அக்கா:
நைட் டியூட்டிக்குக் கிளம்புகிறேன். நாளைக்கு முதல் கேஸ் ஹெர்னியா, பெரியவர் மத்தியானத்திலிருந்து சாப்பிடாமல் பயந்துபோய் இருக்கிறார். அவரிடம் அதையேதான் சொல்லப்போகிறேன்.

டியூட்டர்_மதுரை:
எதற்குப் பயம் என்று கேட்டீர்களா?