புதுப்பிப்பு: நாயோடு கூடாரம் போட இடம் கிடைத்தது

நாயோடும் குழந்தைகளோடும் டெல்டாவில் எங்கே கூடாரம் போடலாம் என்று ஜனவரியில் கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோம்.

கோடியக்கரையைச் சொன்னவர்களுக்கு: அது வெளிமான்களின் சரணாலயம், நாயைக் கொண்டுபோகவே கூடாது. நாகப்பட்டினம் கடற்கரையையும் விட்டுவிட்டேன். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடும் காலம். மோப்பம் பிடித்தால் நாய் தோண்டிவிடும். கொள்ளிடத்து மணல் திட்டு அழகுதான். ஆனால் மேலே தண்ணீர் திறந்தால் இரவோடு இரவாக மூழ்கிவிடும்.

"நாய் வரலாம்" என்று போனில் சொன்ன ஒரு விடுதி, வாசலில் கையை விரித்துவிட்டது. பிள்ளைகள் முகம் வாடிப்போனது.

கடைசியில் திருவையாறு பக்கம் ஒரு தென்னந்தோப்பு. தோப்புக்காரர் கேட்டது ஒன்றுதான்: "கோழியைத் துரத்துமா தம்பி?" எங்கள் நாய் மணியை நீளக் கயிற்றில் கட்டிவைத்தேன். மட்டையோ தேங்காயோ விழாதபடி மரங்களை விட்டுத் தள்ளிக் கூடாரம் அடித்தோம். விடிந்ததும் மணியின் காது மடலுக்குள் மிளகு போல இரண்டு உண்ணிகள்! விரல் இடுக்குகளையும் மறக்காமல் பாருங்கள்.

கேரவன் பற்றிக் கேட்டவருக்கு: தோப்புக்குப் போகும் வாய்க்கால் கரைப் பாதையில் வண்டியைத் திருப்ப இடமில்லை. முதலில் பைக்கில் போய்ப் பார்த்துவிடுங்கள்.