ஏ.எஃப்.பி. பாசிட்டிவ் என்றதும் டிபி மாத்திரையா? ஒரு கல்ச்சர் பார்த்துவிடுங்கள்

அம்மாவுக்குப் பித்தப்பைக் கல்லுக்காக லேப்ராஸ்கோபி செய்தோம். தையல் நன்றாக ஆறியிருந்தது. மாதம் கடந்தபின் தொப்புள் பக்கத் தழும்பு சிவந்து, கட்டியாகி, நீர் கசிய ஆரம்பித்தது. ஆன்டிபயாடிக் கொடுத்தும் அடங்கவில்லை. சாதாரணச் சீழ் கல்ச்சரில், அதாவது கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் டெஸ்டில், ஒன்றும் வளரவில்லை. டிபி போன்ற கிருமிகளைச் சாயமேற்றிக் காட்டும் ஏ.எஃப்.பி. ஸ்டெயின் மட்டும் பாசிட்டிவ். டிபி மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

வாங்குவதற்கு முன் இன்னொரு மருத்துவரிடம் காட்டினோம். "கொஞ்சம் பொறுங்கம்மா, இந்தச் சாயம் டிபியின் பங்காளிக் கிருமிகளிலும் பிடிக்கும்" என்றார். ஜீன்எக்ஸ்பர்ட் பார்த்தார்கள், நெகட்டிவ். அது டிபி கிருமியை மட்டும் தேடும் டெஸ்ட். ஸ்டெயினில் கிருமி தெரிந்தும் இதில் நெகட்டிவ் என்றால், டிபி குடும்பத்தைச் சேர்ந்த வேறு மைக்கோபாக்டீரியா என்ற சந்தேகம் வலுக்கிறது.

தழும்பைத் திறந்து எடுத்த சதையை அவர் இரண்டாக்கினார். ஒரு துண்டு பயாப்சிக்காக ஃபார்மலினில். இன்னொன்று கல்ச்சருக்காக ஸ்டெரைல் சலைனில். ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், பிறகு கல்ச்சரில் எதுவும் வளராது. இதைத் தயவுசெய்து எல்லோரும் நினைவில் வையுங்கள்.

டிபி கிருமி வளர வாரக்கணக்காகும். அம்மாவுடையது ஒரு வாரத்துக்குள் வளர்ந்துவிட்டது. கர்ப்பம் பார்க்கும் அட்டை போன்ற ஒன்றில் சொட்டு விட்டுப் பார்த்தார்களாம். டிபிக்கான கோடு வரவில்லை. அடுத்து, ஜீனை வைத்துக் கிருமியை அடையாளம் காட்டும் லைன் ப்ரோப் டெஸ்டில் பெயர் கிடைத்தது: மைக்கோபாக்டீரியம் அப்ஸெஸஸ். வழக்கமான டிபி மாத்திரைகள் இதைத் தொடவே தொடாதாம். அமிகாசின் ஊசி, கிளாரித்ரோமைசின் என்று மருந்தே மாறியது. அம்மா இப்போது நன்றாக இருக்கிறார்.

பதில்:
சகோதரி, நான் மைக்ரோபயாலஜி லேபில் டெக்னீஷியன். பெயர் வந்தபிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அப்ஸெஸஸில் துணை இனங்கள் உண்டு. சிலவற்றில் இஆர்எம் 41 என்ற ஜீன் வேலை செய்யும். கிளாரித்ரோமைசின் முதல் சில நாட்களில் கேட்பதுபோல் தெரியும், 14-ஆம் நாள் பார்த்தால் கேட்காது. அதனால் கிருமிக்கு மருந்து கேட்கிறதா என்று லேபில் பார்க்கும் டெஸ்டை 14 நாள் வரை வைத்துப் படித்தார்களா என்று கேளுங்கள். மாசிலியன்ஸ் என்ற துணை இனத்தில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இருக்காது.

அப்புறம், லேபுக்கு அனுப்பும் படிவத்தில் 'ஆபரேஷன் தழும்பு' என்று எழுதச் சொல்லுங்கள். தோல் கிருமிகளில் சில 37 டிகிரியில் சரியாக வளராது. படிவத்தில் அதைப் பார்த்தால் 30 டிகிரியிலும் கிருமி வளர்க்கும் ஒரு எல்.ஜே. பாட்டில் வைப்போம்.