தொழில்துறையில் உற்பத்தித்திறன் ஏறியிருக்கிறது, நாட்டின் கணக்கில் ஏன் தெரியவில்லை?

இரண்டாமாண்டு மாணவி கேட்டது:

வணக்கம். பொருளியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வளரும் நாடு ஒன்றின் பத்தாண்டு அட்டவணையைக் கொடுத்து விளக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நாட்டின் பெயர் இல்லை. விவசாயம், தொழில், சேவை என மூன்று வரிசைகள். ஒவ்வொன்றுக்கும் மொத்த உற்பத்தி, வேலை செய்வோர் எண்ணிக்கை, ஒரு தொழிலாளிக்கான உற்பத்தி, அதாவது உற்பத்தித்திறன். தொழில்துறையில் உற்பத்தித்திறன் பாதிக்கு மேல் ஏறியிருக்கிறது. ஆனால் நாடு முழுவதற்குமான உற்பத்தித்திறன் மிகக் கொஞ்சமே கூடியிருக்கிறது. மூன்று முறை சரிபார்த்துவிட்டேன், கூட்டலில் பிழை இல்லை. இது எப்படி?

மதிப்பெண்ணுக்காக மட்டும் கேட்கவில்லை. என் அண்ணன் வேலை பார்த்த ஆலையில் புதிய இயந்திரங்கள் வந்தபின் அவருடைய பிரிவையே மூடிவிட்டார்கள். இப்போது மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் பொட்டலங்கள் கொண்டுபோய்க் கொடுக்கிறார். 'சேவைத்துறையில் வேலைவாய்ப்பு உயர்வு' என்று அட்டவணையில் இருக்கும் வரி அவரைப் போன்றவர்களையும் சேர்த்துத்தான் என்று புரிந்த பிறகு, அதை வெறும் எண்ணாகப் படிக்க என்னால் முடியவில்லை.

நூலகவாசி:

முதலில் எளிய உறவு ஒன்று. உற்பத்தி வளர்ச்சியிலிருந்து வேலைவாய்ப்பு வளர்ச்சியைக் கழித்தால் கிடைப்பதுதான், ஏறத்தாழ, உற்பத்தித்திறன் வளர்ச்சி. உற்பத்தி 6 சதவீதமும் ஆட்கள் 1 சதவீதமும் கூடினால் உற்பத்தித்திறன் 5 சதவீதம் கூடியதாக வரும். ஆட்களைக் குறைத்தாலும் அதே எண் ஏறும். எது நடந்தது என்று அந்த எண் சொல்லாது. உங்கள் அட்டவணையில் தொழில்துறையின் ஆள் எண்ணிக்கையைப் பாருங்கள். குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஏட்டுக்கணக்கு:

குறைந்திருந்தால் மட்டும் போதாது, வெளியேறியவர்கள் எங்கே போனார்கள் என்பதில்தான் விடை இருக்கிறது. காகிதத்தில் ஒரு சின்ன நாட்டை எழுதிப் பாருங்கள். மொத்தம் 100 பேர். விவசாயத்தில் 60 பேர், ஆளுக்கு 2 அலகு. தொழிலில் 15 பேர், ஆளுக்கு 8. சேவையில் 25 பேர், ஆளுக்கு 5. மொத்தம் 365.

இப்போது தொழிலில் 5 பேரை நீக்குகிறார்கள். மீதி 10 பேர் புதிய இயந்திரங்களோடு 130 அலகு செய்கிறார்கள், ஆளுக்கு 13. உற்பத்தித்திறன் 62 சதவீதத்துக்கு மேல் ஏறிவிட்டது! நீக்கப்பட்ட 5 பேரும் சும்மா இருக்க முடியாது. சில்லறை வேலைகளுக்குப் போய் ஆளுக்கு 1 அலகு ஈட்டுகிறார்கள். சேவைத்துறை 125இலிருந்து 130 ஆகிறது. நாட்டின் மொத்தம் 380. ஏற்றம் 4 சதவீதம்தான்.

அதே நாட்டில் வேறொரு பாதை. இயந்திரம் மாறவில்லை, விவசாயத்திலிருந்து 10 பேர் தொழிலுக்குப் போகிறார்கள், ஆளுக்கு 8 அலகு செய்கிறார்கள். போனவர்களோடு அவர்களின் 20 அலகும் வயலைவிட்டுப் போய்விட்டது என்றே வைத்தாலும் மொத்தம் 425. எந்தத் துறையிலும் உற்பத்தித்திறன் துளியும் ஏறவில்லை, ஆனால் நாடு 16 சதவீதம் வளர்ந்திருக்கிறது. துறைக்குள் நடக்கும் ஏற்றம் ஒன்று, துறைவிட்டுத் துறை நகர்வதால் வரும் ஏற்றம் மற்றொன்று. உங்கள் ஆசிரியர் எதிர்பார்ப்பது இந்தப் பிரிப்பைத்தான்.

செயின்ட் லூசியாவில் பிறந்து 1979இல் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் ஆர்தர் லூயிஸ், 1954இல் எழுதிய கட்டுரையில் நம்பியது இந்த இரண்டாவது பாதையை. தென்கொரியா அப்படித்தான் நகர்ந்தது. 1980களின் இறுதியில் அங்கே நான்கில் ஒருவருக்கு மேல் ஆலை உற்பத்தியில் இருந்தார்கள். ஆனால் 2011இல் மார்கரெட் மெக்மில்லனும் டானி ரோட்ரிக்கும் வெளியிட்ட ஆய்வு, 1990க்குப் பின் லத்தீன் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் ஆட்கள் எதிர்த்திசையில், உற்பத்தித்திறன் குறைந்த வேலைகளுக்கு நகர்ந்ததைக் காட்டியது. எனக்குக் கவலை தருவது இதுதான்: ஆலைகள் நாட்டுக்கு வந்து, ஆட்களை உள்வாங்கும் முன்பே ஆட்களைத் தேவையற்றவர்கள் ஆக்கிவிடுகின்றன.

உங்கள் அண்ணனைப் பற்றி ஒன்று. 'மறைமுக வேலையின்மை' என்றதும் பாடநூல்கள் வயலில் தேவைக்கு மேல் நிற்கும் குடும்பத்தைத்தான் காட்டும். 1936இல் பொருளியலாளர் ஜோன் ராபின்சன் அந்தச் சொல்லை உருவாக்கியபோது மனத்தில் வைத்திருந்தது வேறு ஆட்களை. தொழில் நாடுகளில் வேலை நீக்கப்பட்டு, பிழைப்புக்காகக் குறைந்த பயன் தரும் வேலைகளில் ஒதுங்கியவர்கள் அவர்கள். கணக்கில் வேலையற்றவர்களாக வரமாட்டார்கள் என்பதால் 'மறைமுக' என்றார்.

இரண்டாமாண்டு மாணவி:

நன்றி ஐயா. தொழிலில் ஆள் எண்ணிக்கை குறைந்துதான் இருக்கிறது. அந்த 1936 செய்தியை இரண்டு முறை படித்தேன். இன்னொரு ஐயம். விவசாயத்தின் பங்கு உற்பத்தியில் 17 சதவீதம், வேலையில் 45 சதவீதம். இவ்வளவு பேர் உண்மையிலேயே வயலில் இருக்கிறார்களா?

களப்பணியாளர்:

தொழிலாளர் கணக்கெடுப்பில் பல ஆண்டுகள் வீடு வீடாகப் போனவள் நான், அதனால் சொல்கிறேன். கேள்வி இப்படி இருக்கும்: 'கடந்த ஏழு நாட்களில் ஒரு மணிநேரமாவது வேலை செய்தீர்களா?' ஆம் என்றால் அவர் வேலையில் இருப்பவர். ஒரு மணிநேரம்! குடும்ப நிலத்தில் கூலியில்லாமல் கைகொடுக்கும் மருமகளும் அந்தக் கணக்கில் வருவாள். ஒருமுறை ஒரு பெண்மணி, 'வேலையா? எனக்கு ஏது வேலை, வீட்டில்தான் இருக்கிறேன்' என்றார். அவருடைய கை முழுக்க ஈர மண். மூன்று கேள்விகள் கேட்ட பிறகுதான் விடியலிலிருந்து நாற்று நட்டுவிட்டு வந்தவர் என்று தெரிந்தது.

வரையறையும் மாறுகிறது. 2013இல் தொழிலாளர் புள்ளியியலாளர்களின் சர்வதேச மாநாடு, தன் குடும்பத்தின் உணவுக்காக மட்டும் பயிரிடுவதை 'வேலைவாய்ப்பு' என்ற தலைப்பிலிருந்து வெளியே எடுத்தது. அதைப் பின்பற்றும் நாட்டில் விவசாயத்தின் பங்கு ஒரே ஆண்டில் சரியும். யாரும் வயலைவிட்டு நகர்ந்திருக்க மாட்டார்கள். உங்கள் பத்தாண்டின் நடுவில் அப்படி மாறியிருக்கிறதா என்று அடிக்குறிப்பில் பாருங்கள்.

ஆட்களின் நகர்வு எப்போதும் ஒரே திசையிலும் இல்லை. இந்தியாவின் தொழிலாளர் கணக்கெடுப்பில் விவசாயத்தின் பங்கு 2018-19இல் 42.5 சதவீதம், 2023-24இல் 46.1. பெருந்தொற்றின்போது நகரத்து வேலை போனவர்களுக்கு நிலம்தான் இடம் கொடுத்தது. அதன்பின் வந்த ஆண்டுகளிலும் அந்தப் பங்கு பழைய அளவுக்கு இறங்கவில்லை. கூடுதலாகச் சேர்ந்தவர்களில் பெண்கள் மிகுதி.

தலைகளை எண்ணினால் இதெல்லாம் தெரியாது மகளே, மணிநேரத்தை எண்ண வேண்டும். அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள்: ஒரு நாளில் எத்தனை மணிநேரம் வெளியே இருக்கிறார், அதில் எவ்வளவு நேரம் அடுத்த அழைப்புக்காகக் காத்திருக்கிறார்?

இரண்டாமாண்டு மாணவி:

நேற்று இரவு கேட்டேன் அம்மா. பதினொரு மணிநேரம் வெளியே, அதில் நான்கு மணிநேரம் வெறும் காத்திருப்பு. ஆலையில் எட்டு மணிநேரம், இயந்திரம் நின்றால் மட்டும் காத்திருப்பாராம். அட்டவணையில் வேலைநேரத்துக்கு வரிசை இல்லை. அது ஏன் இல்லை என்பதிலிருந்தே என் விளக்கத்தைத் தொடங்குகிறேன்.