பத்துப் புள்ளி எடுத்தா மனச்சோர்வு நோயாம்! ஆர் சொன்னது?

வாவிக்கரை: நேத்து இஞ்ச ஒராள் எழுதிப்போட்டார், தனிமைப்படுத்தல் நிலையத்தில பிஎச்கியூ-9 எண்ட மனச்சோர்வு அளக்கிற கேள்வித்தாள் நிரப்பி 10க்கு மேல எடுத்த எல்லாருக்கும் மனச்சோர்வு நோயாம், கொரோனாவாலயாம். தாளைப் பாத்தாரோ தெரியா. 9 கேள்வி, ஒவ்வொண்டுக்கும் 0 தொடங்கி 3, மொத்தம் 27. 3ஆவது நித்திரை, 4 களைப்பு, 5 சாப்பாடு, 7 கவனம். காய்ச்சலோட, மணம் உருசி தெரியாம, ராவெல்லாம் லைட் எரியிற மண்டபத்தில படுக்கிறவனுக்கு நாலும் 3 விழும். 12 ஆச்சு! கவலை எண்டு ஒரு சொல்லும் வரல்ல.

கல்முனைக் காக்கா: எழுதினது நான்தான், பேரைச் சொல்லியே ஏசலாம் தம்பி. 10 எண்டது உலகம் முழுக்கப் பாவிக்கிற எல்லை. முதல் வருசத்திலயே பதகளிப்பும் மனச்சோர்வும் 25 வீதம் கூடினது எண்டு உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில சொல்லிட்டு. வாவிக்கரையில குந்தியிருந்தா எல்லாம் லேசாத்தான் தெரியும்.

வாவிக்கரை: 25 வீதம் வேற கதை காக்கா. 10 சல்லடை மட்டும்தான். அதுக்குப் பிறகு ஆளை இருத்திக் கேக்கணும். ஆர்வமின்மை கேக்கிற 1, மனச்சோர்வு கேக்கிற 2, இதில ஒண்டிலயாவது 2 புள்ளி இருக்கணும். உடம்பு நோயாலயா எண்டும் பாக்கணும். மறுகா, தாள் கேக்கிறது போன 2 கிழமையை. அடைச்சு வச்சது 14 நாள். அடைச்ச நாளையே அளந்துபோட்டு நோய் எண்டா? வீட்ட போய் 2 கிழமை கழிய இன்னொருக்கா நிரப்பணும்.

ஆலையடி: 2 கிழமை பொறுக்கட்டாம்! 9ஆவது கேள்வி, செத்தா நல்லம் எண்ட நினைப்பு. அதில 1 விழுந்தா மொத்தம் 4 எண்டாலும் அண்டைக்கே தனியாக் கூப்பிட்டுக் கேக்கணும்: எப்பிடிச் செய்ய நினைச்சது, வீட்டில பூச்சிமருந்து கிடக்கா, ராவைக்கு ஆர் கூட இருக்கிற. 1926 எண்ட மனநல உதவி நம்பரும் குடுக்கணும். ரெண்டு பேரும் 10ஐப் பிடிச்சுத் தொங்குங்க.

வாவிக்கரை: 9ஐ விடச்சொல்லி நான் எங்க சொன்னன்? பேச்சு 10.

கல்முனைக் காக்கா: பேச்சு 10தான். 2020 நவம்பர் கடைசியில அக்கரைப்பற்றை முடக்கினது. அந்த வருசம் கொரோனாவில செத்த முஸ்லிம் ஆக்கள்ர உடலை, ஜனாஸாவையும் எரிச்சாங்க. ஓட்டமாவடியில அடக்க விட்டது 2021 மார்ச்சிலதான். அந்தத் துக்கமும் காய்ச்சல் களைப்பா உங்களுக்கு? ஜனாஸாத் திரியிலயும் இப்பிடித்தான் கணக்குக் காட்டினீங்க, மறக்கல்ல.

வாவிக்கரை: அந்தத் துக்கத்துக்குத் தாளில கேள்வியே இல்ல எண்டுதானே நானும் கத்திறன்! பழைய திரியை ஏன் கிண்டுறீங்க?

மீன்பாடி: முடக்கத்தில மனநோய் கிளினிக் விட்டுப்போன ஆக்களை ஆரும் பேசல்ல. மனச்சிதைவு நோய்க்குக் குடுக்கிற குளோசபின் மருந்தை 48 மணித்தியாலத்துக்கு மேல விட்டா பழைய அளவை எடுக்கேலா, 12.5 மில்லிகிராமில இருந்து திரும்ப ஏத்தணும். இல்லாட்டி பிரசர் விழுந்து ஆளும் விழும். மனநிலை ஏறி இறங்கிற நோய்க்கு லித்தியம் எடுக்கிற ஆளுக்கு வயித்தோட்டம் எண்டா ரத்தத்தில அது ஏறும், கை நடுங்கும். மருந்து தபாலில வந்தது சரி, அதை அளக்கிற ரத்தப் பரிசோதனை தபாலில வருமா?

கல்முனைக் காக்கா: தபால்காரரை ஏன் இழுக்கிறீங்க? அவங்களும் இல்லாட்டித் தெரிஞ்சிருக்கும்.

வாவிக்கரை: தபாலை விடுங்க காக்கா. அந்த நாலு கேள்வியின்ர 12ஐக் கழிச்சுப்போட்டுச் சொல்லுங்க, மிச்சம் எத்தினை?

கல்முனைக் காக்கா: கணக்கு வாத்தியார் திரும்ப வந்திட்டார். 10 எண்டா 10தான்.

மீன்பாடி: லித்தியத்துக்கு ஆரும் பதில் சொல்லல்ல.